மலைக்கு வந்த கடல்மீனும் நான் சொன்ன பொய்யும்

மகனே, வேலை உனக்குத்தான், கடல்மீன்களைத் தனியே வைத்து நோய் பார்க்கும் அந்த அறை முழுவதும் இனி உன் பொறுப்பு, கடிதம் இதோ என் கையில்!

உன் பெயருக்கு வந்த கடிதத்தை நான் பிரித்தது தப்புதான். தப்பால்காரர் தோட்டத்து ஆபீஸிலிருந்து தபாலைக் கொண்டுவந்து நீட்டியபோது உறையின் மூலையில் ஒரு மீன் படம் இருந்தது. அதற்குப் பிறகு என் விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. மூன்று தடவை படித்தேன். உன் அப்பாவுக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டினேன். அவர் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, “மீனுக்கு ஆஸ்பத்திரி, அதுக்கு நம்ம பய டாக்டரா?” என்று கேட்டுச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு புகையென்றார். அடுப்பு எரியவே இல்லை. நீ பண்டாரவளையில் மருந்துக்கடையில் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருப்பாய். அதை இறக்கி வைத்துவிட்டு இதைப் படி. அடுத்த வாரம் நீ கொழும்புக்கு ரயிலேறுவதற்கு முன்னால் உனக்கு நான் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது. இத்தனை வருஷமாக அதைச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

நான் கடல்மீனுக்கு வைத்தியம் பார்த்த கதை உனக்குத் தெரியும். அப்புத்தளை மலையில் கடல்மீன் வளர்த்தவள் உன் அம்மா என்று பள்ளிக்கூடத்தில் நீ பெருமையடித்துக்கொண்டு வந்தாய். ஆனால் உனக்கு நான் சொன்னது பாதிக் கதை, கெட்டிக்காரத்தனமான பாதி. மற்றப் பாதியை இப்போது சொல்கிறேன்.

நீ அப்போது என் இடுப்பில் இருந்தாய். தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்கு ஓரிரண்டு வருஷத்துக்கு முன்பு. நான் தோட்டத்து டிஸ்பென்சரியில் கட்டுத்துணி துவைப்பது, குப்பி கழுவுவது, பிள்ளைகளுக்கு மருந்து ஊற்றுவது என்று வேலை செய்தேன். அப்போது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் தொரைக்குக் கடல்மீன் பைத்தியம். பங்களா முன்னறையில் ஆளுயர நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. குளிருக்காக அதன் மேலே இரவு பகலாக எரியும் பல்புகள். நான் முதல் தடவை அதைப் பார்த்த நாளை எப்படிச் சொல்ல? மஞ்சள் தெரியும், நீலம் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தத் தொட்டிக்குள் இருந்ததைப் பார்த்த பிறகு, நான் அதுவரை கண்ட நிறங்களெல்லாம் பல தடவை வெளுத்துக் காயப்போட்ட சேலையின் நிறங்கள் என்று தோன்றியது. வெளியே ஜன்னலை மூடிய மூடுபனி, உள்ளே வெயில் அடிக்கிற கடல்! நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்துத் தொரை சிரித்தார். புதிதாக வரும் மீன்களைப் பழைய மீன்களோடு உடனே விடக்கூடாது, நோய் இருந்தால் தொற்றிவிடும் என்பதால், டிஸ்பென்சரியில் வெறுமையாகக் கிடந்த அம்மைக்காரர் அறையில் கொஞ்ச நாள் அவற்றைத் தனியே வைத்துப் பார்க்கச் சொல்லி அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். என்னிடம்! ஐந்தாம் வகுப்புப் படித்தவளிடம்!

கடல் எங்கே, நாம் எங்கே? பொத்துவில் கடற்கரையிலிருந்து வெல்லவாய, கொஸ்லந்தை வழியாக மேலேறி, நம் மலையைக் கடந்து பதுளைக்குப் போகும் ஒரு கருவாட்டு லாரி. அதை ஓட்டியவர் பதுளையில் கருவாட்டுக்கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், நமக்கெல்லாம் நானா. மீனையும் கடல்தண்ணீரையும் கொண்டுவந்தவர் அவர்தான். கருவாட்டு வாடை ஒட்டிவிடக் கூடாதென்று தண்ணீருக்கென்றே புது டிரம்கள் வாங்கி, முன்னால் தன் இருக்கைக்குப் பக்கத்தில் கட்டிவைத்து ஓட்டிவருவார். காற்றுக் கருவி இல்லையென்று நான் கவலைப்பட்டபோது பழைய லாரி டியூப் ஒன்றைத் தூக்கிப் போட்டார். அதில் காற்றை அடைத்து, சேலைன் குழாயைச் செருகி, கிளிப்பைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டால் எனாமல் பேசினுக்குள் நாள் முழுக்கக் குமிழி வரும். அதைப் பார்த்த டிஸ்பென்சர் ஐயா, “மனுசனுக்கே இங்க காத்து ஏத்த வழியில்ல, மீனுக்கு ஏத்துறாளே!” என்றார்.

நான் சொல்ல வந்த தடவை எட்டு மீன் வந்தது. அவற்றில் ஒன்று மட்டும் கறுப்பு. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொட்டு. பிறக்கும்போதே உள்ள பொட்டுகள். தொரைக்கு அதன்மேல் பெரிய ஆசையில்லை. எனக்கு அதன்மேல்தான் ஆசை. இறக்கி வைக்கும்போது நானா சொன்னார்:

“பத்து நாள் தள்ளி வெச்சா போதும்ண்டு கரையில சொல்றாங்க தங்கச்சி. பத்து நாளும் சுத்தமா இருந்திச்செண்டா எடுத்து விடலாமாம். ஆனா அந்தப் பழைய தண்ணிய மட்டும் வெச்சிக்கிடாத, கொட்டிடு. அங்க அப்பிடித்தான் செய்றாங்க.”

“கொட்டவா? இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்த தண்ணியவா?”

“நான் என்ன தலையிலயா தூக்கிட்டு வந்தேன்? லாரிதானே தூக்கிச்சு. கொட்டு, நான் புதுசு கொண்டாறேன்.”

இரண்டாம் நாள் இரண்டு மூன்று மீன்களின் செட்டையில் உப்புக்கல் மாதிரி வெள்ளைப் புள்ளி தெரிந்தது. ஆறாம் நாளில் அவை போய்விட்டன. நோய் வந்தது, போய்விட்டது என்று நினைத்தேன். சளிப் பிடித்த பிள்ளைக்கு மூக்கு ஒழுகுவது நின்றால் சுகம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவோமே, அப்படி. பத்தாம் நாள் ஒரு சனிக்கிழமை. பங்களாவுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், மீன்களைக் கொண்டுவா என்று ஆள் வந்தது. கொண்டுபோனேன். மீன்களை மட்டுமல்ல மகனே. பேசினில் கிடந்த சங்கு, கல், தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுபோய்த் தொரையின் தொட்டிக்குள் ஊற்றினேன். ஏறக்குறைய நூறு மைல் மலையேறி வந்த கடலைக் கக்கூஸ் பக்கம் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. கடற்கரையில் இருப்பவர்கள் யாரும் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டார்கள். மலையில் இருப்பவர்களுக்குத்தான் இது வரும்.

ஏழெட்டு நாளில் தொட்டி முழுக்க வெள்ளை. புது மீன், பழைய மீன் எல்லாவற்றின் மேலும் யாரோ கைநிறைய உப்பை அள்ளித் தூவியது போல. கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டன. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் அடிப்பதை நான் கடிகாரம் வைத்து எண்ணினேன். எண்ண முடியாத வேகம். டிஸ்பென்சர் ஐயா மயில்துத்தம் போட்டுப் பார்க்கச் சொன்னார். அளவு தெரியாமல் போட்டேன். தொட்டியிலிருந்த இறால்கள் அன்றைக்கே செத்தன. மீன்கள் அடுத்தடுத்த நாட்களில். கடைசியில் கல் இடுக்கில் ஒளிந்திருந்த அந்தக் கறுப்பு மீன் மட்டும் மிச்சம். அதை வாரிப் பேசினில் போட்டு அம்மை அறைக்கு எடுத்துவந்தேன்.

தொரை என்னைக் கூப்பிட்டார். கோபத்தில் அவருக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது.

“யாரு பிழை? சொல்லு. மீனா, தண்ணியா, நீயா?”

நீ என் இடுப்பில் இருந்து அவருடைய சட்டைப் பொத்தானை எட்டிப் பிடிக்கப் பார்த்தாய். எனக்கு வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை, மகனே, உண்மையைச் சொல்கிறேன். இனி அந்த மீன்களை என்னிடம் தரமாட்டார்கள் என்ற பயம். “தண்ணிதாங்க தொரை,” என்றேன். “கருவாட்டு டிரம்முல வந்த தண்ணி. கெட்டுப் போச்சுங்க.”

அவ்வளவுதான். அன்று மத்தியானமே கேட் காவல்காரருக்கு உத்தரவு போய்விட்டது, நானாவின் லாரி உள்ளே வரக்கூடாதென்று. கேட்டில் நின்று அவர் ஏன் என்று கேட்டிருக்கிறார். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போகும் பெண்களெல்லாம் பார்க்க, “கெட்ட தண்ணி கொண்டாந்து தொரை மீனக் கொன்னுட்டியாமே,” என்று காவல்காரர் சொல்லியிருக்கிறார். ஒரே வாரத்தில் நம் லயத்து வீடுகளில் அவருக்குப் பெயர் வந்துவிட்டது: கெட்ட தண்ணி நானா. தண்ணீரே கெட்டது என்றால் கருவாடு மட்டும் நல்லதாகவா இருக்கும் என்று நம் ஆட்கள் அவரிடம் வாங்குவதை நிறுத்தினார்கள். ரோட்டில் லாரி போனால் பிள்ளைகள் பின்னால் கத்திக்கொண்டு ஓடின. நான் டிஸ்பென்சரி வாசலில் குப்பி கழுவிக்கொண்டே கேட்டேன்.

இனிமேல்தான் நீ கெட்டியாகக் கேட்க வேண்டிய இடம். அந்தக் கறுப்பு மீனுக்கு நோய் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. வந்து வந்து போனது. கறுப்பு உடம்பானதால் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியையும் எண்ண முடிந்தது. பிறவிப் பொட்டு மூன்றைக் கழித்து மிச்சத்தை ஒரு தாளில் குறித்து வந்தேன். ஒரு நாள் பதினான்கு, மறுநாள் ஒன்பது, அதற்கடுத்த நாள் இரண்டு. எங்கே போகின்றன? கரைகின்றனவா, விழுகின்றனவா? வெள்ளைப் பேசினில் வெள்ளைப் பொடி விழுந்தால் எப்படித் தெரியும்? அப்போதுதான் பள்ளிக்கூடத்துச் சிலேட்டு ஞாபகம் வந்தது. மரச்சட்டத்தைக் கழற்றி, சுடுதண்ணீரில் கழுவி, பேசினின் அடியில் போட்டேன். மறுநாள் காலையில் எடுத்து டிஸ்பென்சர் ஐயாவின் பூதக்கண்ணாடியால் பார்த்தால், அம்மாடி! சிலேட்டில் குட்டிக் குட்டியாக வெள்ளை உருண்டைகள், கல்லோடு ஒட்டியபடி. நோய் போகவில்லை மகனே. இறங்கி வந்து கீழே உட்கார்ந்திருந்தது!

இரண்டு சிலேட்டுத் துண்டுகளைத் தனித்தனிக் கண்ணாடி ஜாடியில் கடல்தண்ணீரோடு வைத்தேன். ஒன்று நம் குளிர்ந்த அம்மை அறையில். மற்றதை உன் அப்பாவிடம் கொடுத்து, தேயிலை காய்கிற இடத்துக்குப் பக்கத்தில், பெக்டரியில் வைக்கச் சொன்னேன். “என்னடி இது, ஊறுகாயா?” என்றார். பெக்டரியில் எல்லோரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். “என்னண்ணே, மீனுக்குப் பேறுகாலமாமே, மருத்துவச்சி நீங்கதானா?” என்று கேட்டார்களாம். ஆறாம் நாள் அவர் அந்த ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். “தூசி நீந்துது, வந்து பாரு!” வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தோம். நீந்தியது! கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் தூசியை விடச் சின்னதாக, ஆனால் தூசி போல மிதக்காமல், எதையோ தேடிக்கொண்டு சுழன்று சுழன்று. அவை தேடியது ஒரு மீனை. ஒரு உருண்டைக்குள்ளிருந்து அத்தனை உயிர். நானும் உன் அப்பாவும் அன்றைக்குச் சாப்பிட மறந்தோம். நோயைப் பார்த்துப் பயப்படத்தான் எனக்கு அதுவரை தெரியும். அன்று முதல் தடவையாக அதைப் பார்த்துக் கும்பிடத் தோன்றியது. எவ்வளவு பொறுமை அதற்கு, எவ்வளவு கணக்கு!

குளிர் அறையில் இருந்த ஜாடியை நாள்தோறும் பார்த்தேன். ஆறாம் நாள் ஒன்றுமில்லை. பத்தாம் நாளும் ஒன்றுமில்லை. பதினேழாம் நாள் நீந்தின.

குறித்து வைத்த தாளை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். புரிகிறதா மகனே? கரையின் சூட்டில் பத்து நாள் என்பது வேறு, இந்தக் குளிரில் பத்து நாள் என்பது வேறு. பத்தாம் நாள் என் மீன்களின் உடம்புதான் சுத்தமாக இருந்தது. நோய் கல்லிலும் சங்கிலும் முட்டையாக உறங்கிக்கொண்டிருந்தது. நான் கல்லையும் சங்கையும் தண்ணீரையும் சேர்த்து, பல்பு எரிகிற சூடான தொட்டிக்குள் ஊற்றி அதை எழுப்பிவிட்டேன். தண்ணீர் நல்ல தண்ணீர். கொட்டிவிடு என்று நானா சொன்னதை நான் கேட்டிருந்தால் ஒரு மீனும் செத்திருக்காது.

என்ன செய்ய வேண்டுமென்பது இப்போது தெளிவு. உருண்டை பொரிக்கும்போது மீன் அங்கே இருக்கக்கூடாது. மூன்று நாளுக்கொரு தடவை மீனை மட்டும், ஈரத்தோடு ஈரமாகக் கையால் எடுத்து, வேறு பேசினில் புதுத் தண்ணீரில் விட வேண்டும். பழைய பேசினையும் அதில் கிடந்த எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். மருந்தே வேண்டாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் புதுக் கடல் வேண்டும். என்னிடம் அரை வாளிகூட இல்லை. கடல் கொண்டுவருகிற ஒரே ஆளை நான்தான் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தேன்.

உன்னைத் தூக்கிக்கொண்டு பதுளைக்கு ரயிலேறினேன். ஹாலிஎல தாண்டும் வரை என்ன சொல்வதென்று யோசித்தேன், ஒன்றும் அமையவில்லை. கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். நானா தராசைப் பிடித்தபடியே பார்த்தார்.

“யாரு, தோட்டத்து டாக்டரம்மாவா? வாங்க, வாங்க. கெட்ட தண்ணி வேணுமா, நல்ல தண்ணி வேணுமா? ரெண்டும் இரிக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் நின்ற இடத்திலேயே சொன்னேன். “தண்ணி கெட்டதில்ல நானா. நான்தான் கெடுத்தேன்.” சிலேட்டு, ஜாடி, பத்து நாள், பதினேழு நாள் என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். தராசு இறங்கியது. அவர் முகத்தில் கோபத்துக்கு முன்னால் ஆச்சரியம்தான் வந்தது.

“பொறு, பொறு. மீன்ல இருந்து எறங்கி, கீழ குந்தி, குட்டி போட்டு, அதெல்லாம் திரும்ப மீன் மேல ஏறுதா?”

“ஆமா நானா.”

“அல்லாவே! பதுளை பஸ் ஸ்டாண்டு மாதிரியில்ல இரிக்கு!” சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். “இத தொரைக்கிட்ட சொல்லிட்டியா?”

“இல்ல.”

“லயத்துல?”

“இல்ல.”

“அப்ப எனக்கு மட்டும் சொல்லி என்ன புள்ள? தண்ணி நல்லதெண்டு எனக்குத்தான் முந்தியே தெரியுமே.”

உன்னை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே, “சரி, மீன் என்ன பாவம் செஞ்சிச்சு,” என்றார். உனக்கு ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தார். அடுத்த ஓட்டத்திலிருந்து தண்ணீர் வந்தது. உள்ளே வர முடியாது. அதனால் ரோட்டோரம் பாலத்தடியில் டிரம்மை இறக்கி, ஹார்னை இரண்டு தடவை அடித்துவிட்டுப் போய்விடுவார். நானும் உன் அப்பாவும் குறுக்குப் பாதையால் சுமந்தோம். மூன்று நாளுக்கொரு தடவை மாற்றினேன். ஒரு மாதம் முழுக்க. கரைக் கணக்கை விட்டுவிட்டு மலைக் கணக்கைப் பிடித்தேன். கடைசிப் பத்து நாளாகத் தாளில் ஒரே எண்: மூன்று, மூன்று, மூன்று. பிறவிப் பொட்டுகள் மட்டும். செவுள் நிதானமாக அடித்தது. நான் விரலை வைத்தால் வந்து கடித்தது. அரிசி மணி அளவு வாய்!

பங்களாவுக்குக் கொண்டுபோனேன். தொரை கைதட்டினார், சிலேட்டை வாங்கிப் பார்த்தார், இன்னொரு தடவை சொல், இன்னொரு தடவை சொல் என்று கேட்டார். புதுத் தண்ணீர் யார் கொண்டுவந்தது என்று மட்டும் கேட்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், “நல்ல வேளை, அந்த லாரிய நிப்பாட்டினோம்,” என்றார். நான், “ஆமாங்க தொரை,” என்றேன்.

அதுதான் நான் மறைத்த பாதி. முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்றாவது சொல்லலாம். இரண்டாவதை உண்மை தெரிந்த பிறகு, பாராட்டைக் கேட்ட காதோடு சொன்னேன். தொரை பிறகு சீமைக்குப் போய்விட்டார். ஒரு பேப்பர் துண்டில் என் பெயரை எழுதி ஒட்டி, தொட்டியை நம் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். நீ அதன் முன்னால்தான் வளர்ந்தாய், அதில்தான் எண்ணப் படித்தாய். அதற்குரிய தண்ணீரை இத்தனை வருஷமும் நானாதான் பாலத்தடியில் இறக்கினார். இப்போது லாரியை அவருடைய மகன் ஓட்டுகிறான். போன மாதம் நம் லயத்துப் பிள்ளைகள் அவனைப் பார்த்து, “கெட்ட தண்ணி லாரி” என்று கத்தினார்கள். அந்தப் பிள்ளைகள் பிறந்ததே அதற்கெல்லாம் பிறகு. ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். தெரியாது, அப்படித்தான் சொல்வார்கள் என்றார்கள். நான் இறக்கிவிட்டது கீழே ஒட்டிக்கிடந்து, பொரித்து, இன்னும் நீந்திக்கொண்டிருக்கிறது.

நீ போகும் இடத்தில் கண்ணாடித் தொட்டிகள் வரிசை வரிசையாக இருக்கும், பூதக்கண்ணாடிக்குப் பதில் பெரிய மைக்ராஸ்கோப் இருக்கும், அதற்குள்ளே பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதாமல் இருந்துவிடாதே! மருந்தை எடுப்பதற்கு முன்னால் செவுளை எண்ணு. ஒரு தொட்டிக் கைவலையை இன்னொரு தொட்டிக்குள் விடாதே. மீனின் உடம்பு சுத்தமானால் போதுமென்று நம்பாதே, அடியில் பார். மீனை வெளிநாட்டுக்கு ஏற்ற விமானம் காத்திருக்கிறது, சீக்கிரம் அனுப்பு என்பார்கள். என் சனிக்கிழமையை நினைத்துக்கொள். ஒரு நாள் நீயும் ஒரு தொட்டி மீனைக் கொல்வாய், மகனே. கொல்லாதவர் யாருமில்லை. அன்றைக்கு யார் பிழை என்று கேட்பார்கள். அந்த இடத்தில் வாய்க்கு வருகிற முதல் பெயர் தண்ணீர் கொண்டுவந்தவனுடையதாக இருக்கும். அதை விழுங்கிவிட்டு உன் பெயரைச் சொல்.

நேற்றுப் பதுளைக்குப் போய் நானாவைப் பார்த்தேன். தாடி முழுக்க நரைத்துவிட்டது. உன் வேலையைப் பற்றிச் சொன்னதும் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் பேரீச்சம்பழம் கொடுத்தார். அதன் பிறகு, வருகிற ஞாயிற்றுக்கிழமை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தை நானே வாசிக்கப்போகிறேன் என்று சொன்னேன். தராசுத் தட்டைத் துடைத்து வைத்தார். “வாறேன் புள்ள,” என்றார். “ஆனா பாலத்தடிக்கு வரமாட்டேன். பெரிய கேட்டு வழியாத்தான் வருவேன்.”

ஞாயிறு காலை பத்து மணி. கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன், காவல்காரரிடமும் சொல்லிவிட்டேன். நீ இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வா. உன்னோடு மருந்துக்கடையில் வேலை செய்கிற பையன்களையும் கூட்டி வா. வரும் வழியில் இதை அவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டு. பண்டாரவளைப் பக்கம் கல்யாணம் கட்டிப்போன நம் தோட்டத்துப் பெண்கள் யாரைக் கண்டாலும் சொல். மீன் வளர்க்கிறவர்கள் இருந்தால் சிலேட்டைப் பார்க்க வரச்சொல். நானாவைக் கெட்ட தண்ணி என்று ஒரு தடவையாவது சொன்ன யாரையாவது உனக்குத் தெரியுமென்றால், அவர்களை முதலில் கூட்டிக்கொண்டு வா.